நெட்வொர்க் ஸ்கேன் ஏன் இழுக்கிறது? பினாங்கு கடைகளிலும் ஆபீஸ்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெபோ பாசாரில் துணிக்கடை, லெபோ பந்தாயில் கணக்கர் ஆபீஸ், பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் என்று எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மூலையில் பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும் ஒரு மிஷின். மேசையில் ஒரு டெஸ்க்டாப். நடுவே வைஃபையோ கேபிளோ. பிரிண்ட் ஒழுங்காக வருகிறது, ஸ்கேன் மட்டும் இழுக்கிறது என்பதுதான் பொதுவான புகார். கணினி, பிரிண்டர் பராமரிப்பு வேலையில் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸை மனத்தில் வைத்து எழுதியவை. மேக், லினக்ஸ் பற்றியும் கொஞ்சம் உண்டு.

அண்ணே, ஸ்கேன் ரொம்ப மெதுவாக இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

நேரம் எந்தக் கட்டத்தில் போகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு தாளை வைத்து, கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கணினியில் ஸ்கேன் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியதிலிருந்து மிஷின் அசையும்வரை எவ்வளவு நேரம்? விளக்கு ஓடத் தொடங்கி முடியும்வரை எவ்வளவு? ஓடி முடிந்தபின் கோப்பு திரையில் திறக்கும்வரை எவ்வளவு? மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம் நீண்டால், கணினி மிஷினைத் தேடிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் மிஷின் தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது. நடுக்கட்டம் நீண்டால், டேட்டா போகிற வழியில் நெருக்கடி, அல்லது டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற தெளிவு அளவு) தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசிக் கட்டம் நீண்டால் நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள், வேலை பெரும்பாலும் கணினிக்குள் நடக்கிறது. போனில் எல்லாரும் 'ஸ்கேன் ஸ்லோ' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இவை மூன்றும் மூன்று நோய், மருந்தும் வேறு வேறு. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் ரவுட்டரை மாற்றுவதும் டிரைவரை (மிஷினோடு கணினியைப் பேசவைக்கும் மென்பொருளை) மாற்றுவதும் இருட்டில் கல்லெறிகிற வேலை.

இன்னொரு சோதனையும் செய்யலாம். அதே தாளை 150 டிபிஐ கறுப்பு வெள்ளையில் ஒரு முறை, 600 டிபிஐ கலரில் ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆனால் தாமதம் இணைப்பை ஏற்படுத்துவதில் இருக்கிறது. கலருக்குப் பல மடங்கு நேரம் போனால் டேட்டா அளவுதான் காரணம்.

குறை மிஷினிலா, நெட்வொர்க்கிலா, கணினியிலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மிஷினில் இருக்கிற காப்பி பட்டனை அழுத்துங்கள். காப்பி எடுக்கும்போதும் ஸ்கேனர்தான் ஓடுகிறது, ஆனால் நெட்வொர்க்கும் கணினியும் அதில் கிடையாது. காப்பி சட்டென்று வந்தால் ஸ்கேனர் உறுப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

அடுத்து, மிஷினில் பென் டிரைவ் செருகும் இடம் இருந்தால், நேராக அதற்கே ஸ்கேன் செய்து பாருங்கள். அதுவும் வேகமாக இருந்தால் யூஎஸ்பி கேபிள் போட்டுக் கணினியோடு இணைத்து ஒரு முறை. யூஎஸ்பியிலும் அதே இழுப்பு இழுத்தால், கணினியையும் டிரைவரையும் சந்தேகப்படலாம். யூஎஸ்பியில் வேகம், வைஃபையில் மெதுவு என்றால் வழி நெட்வொர்க்கில்தான் அடைபட்டிருக்கிறது. இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமலே புது மிஷினுக்கு விலை விசாரிக்கப் போகிறவர்கள் உண்டு.

பிரிண்ட் வேகமாக வருகிறதே? அதே நெட்வொர்க்தானே?

அதே நெட்வொர்க்தான். ஆனால் பிரிண்டில் பெரும்பாலும் எழுத்தும் கோடும் சுருக்கமாகப் போகின்றன. நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் விண்டோஸ் அதை வரிசையில் வைத்துக்கொண்டு உங்களை விட்டுவிடுகிறது, பின்னணியில் மெல்ல அனுப்புகிறது. ஸ்கேனில் ஒவ்வொரு பக்கமும் முழுப் படமாக வருகிறது, அது வந்து சேரும்வரை நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பிரிண்ட் சரியாக வருகிறது என்பதால் நெட்வொர்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இன்டர்நெட் பேக்கேஜை 300 மெகாபிட்டிலிருந்து 500-க்கு ஏற்றினால் ஸ்கேன் வேகமாகுமா?

ஆகாது. மிஷினிலிருந்து உங்கள் கணினிக்குப் போகும் படம் உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. இன்டர்நெட் லைனைக் கழற்றி வைத்துவிட்டுக்கூட ஸ்கேன் செய்து பார்க்கலாம், அதே வேகத்தில்தான் ஓடும். மாதா மாதம் கூடுதலாகக் கட்டும் ரிங்கிட்டுக்கு வேறு பலன் இருக்கலாம், இதற்கு இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் இன்டர்நெட் வேகம் பேசும். ஸ்கேனை நேராக இமெயிலுக்கு அனுப்பும்போதும், கிளவுடுக்கு ஏற்றும்போதும். அங்கேயும் டவுன்லோட் வேகத்தைவிட அப்லோட் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த டிபிஐ வைப்பது? 600 வைத்தால் தெளிவாக இருக்கும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏ4 தாள் 300 டிபிஐ-யில் 2480-க்கு 3508 பிக்சல். கலரில் பிக்சலுக்கு 3 பைட் என்று வைத்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 26 எம்பி. அதையே 600 டிபிஐ ஆக்கினால், நீளமும் அகலமும் இரட்டிப்பாகி, நான்கு மடங்காக 104 எம்பி. 300 டிபிஐ-யிலேயே கலரை விட்டுச் சாம்பல் நிறத்துக்கு வந்தால் 9 எம்பிக்குக் கீழே. சுத்தக் கறுப்பு வெள்ளையில் 1 எம்பி சுற்று.

இது சுருக்கப்படாத கணக்கு. பல மிஷின்கள் கலர்ப் படத்தை ஜேபெக்காகச் சுருக்கி 1, 2 எம்பியாக அனுப்பும். ஆனால் டிரைவரில் 'சுருக்க வேண்டாம்', 'உயர்ந்த தரம்' என்று யாராவது தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் முழுப் படமும் அப்படியே வழியில் இறங்கும். டிரைவரின் செட்டிங் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

எதற்கு எது போதும்? வருமான வரிக்காக வைத்துக்கொள்ளும் ரசீதுகளுக்கு 200 டிபிஐ சாம்பல் நிறம் தாராளம். மலேசியாவில் வியாபாரக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் நிலையம், பேரங்காடி என்று பல ரசீதுகள் வெப்பத்தாளில்தான் வருகின்றன, நம் ஊர்ப் புழுக்கத்தில் கார் டேஷ்போர்டில் கிடந்தால் சீக்கிரமே வெளுத்துப்போகும். அதனால் ஸ்கேன் செய்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு பெட்ரோல் ரசீதை 600 டிபிஐ கலரில் எடுத்து வைத்தால் யாருக்கும் லாபமில்லை.

தமிழ் எழுத்துள்ள தாள்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கோயில் மகஜர், பழைய சங்கக் கூட்டக் குறிப்பு, பத்திரிகைத் துணுக்கு போன்றவற்றை ஓசிஆர் போட்டுத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றப்போகிறீர்கள் என்றால் 300-க்குக் கீழே போகாதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 150 டிபிஐ-யில் அது இரண்டு மூன்று பிக்சல்தான், தூசி என்று மென்பொருள் துடைத்துவிடும். புள்ளி போனால் 'பட்டம்' 'படடம' ஆகிவிடும். பொடி எழுத்தில் அச்சான பழைய தாளுக்கு 400 வைக்கலாம். 600 வேண்டியது புகைப்படத்துக்கும் தபால்தலைக்கும்தான்.

ஸ்கேன் ஓடும்போது விளக்கு நடுவில் நிற்கிறது, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கேனருக்குள் சின்னதாக ஒரு மெமரி இருக்கிறது. படித்த படத்தை அதில் நிரப்பிக்கொண்டே கணினிக்கு அனுப்பும். கணினி வாங்கிக்கொள்ளும் வேகம் குறைந்தால் மெமரி நிரம்பிவிடும். அப்போது விளக்கு நின்று காத்திருக்கும். இடம் கிடைத்ததும், விட்ட இடத்தில் கோடு பிசகாமல் இருக்கச் சற்றுப் பின்னால் வந்து, ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொடரும்.

மூடியைக் கொஞ்சம் தூக்கி, கண்ணுக்கு நேராக வெளிச்சம் படாமல் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். காதுக்கும் தெரியும். சீராக ஓடினால் ஒரே முனகல், அடைபட்டால் விட்டு விட்டுச் சத்தம். இந்த அறிகுறியைப் பார்த்தாலே டேட்டா வெளியேறும் வழி குறுகலாக இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். காப்பி எடுக்கும்போது நிற்காமல் ஓடி, நெட்வொர்க்கில் மட்டும் நின்று நின்று ஓடினால் சந்தேகமே வேண்டாம். டிபிஐ-யைக் குறைத்துப் பார்த்துவிட்டு, வைஃபைக்கோ கேபிளுக்கோ போங்கள்.

எங்கள் கடை ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு. ரவுட்டர் முன்னால், மிஷின் பின்னால். வைஃபை கோடுகள் ஒன்றிரண்டுதான் காட்டுகிறது. என்ன செய்யலாம் தம்பி?

கடைவீட்டுக்கு இது பரம்பரைப் பிரச்சினை. அகலம் கொஞ்சம், நீளம் அதிகம், நடுவில் முற்றம், அதைச் சுற்றிக் கனமான செங்கல் சுவர். ஃபைபர் லைன் அஞ்சடி (கடை முன்னால் இருக்கும் கூரையிட்ட நடைபாதை) பக்கமிருந்து உள்ளே நுழைவதால் ரவுட்டர் முன்வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கல்லாவும் அங்கேதான். கணக்குப் பிள்ளையும் மிஷினும் பின்கட்டில். இரண்டு சுவர், ஓர் இரும்பு அலமாரி, துணி மூட்டைகள் தாண்டி வைஃபை போக வேண்டும்.

பல மிஷின்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், அதிலும் ஒற்றை ஆன்டெனா. வசதியாக இருக்கும் நாளில் 72 மெகாபிட் என்று இணைப்பு காட்டும். உண்மையில் கிடைப்பது அதில் பாதிதான், அதாவது வினாடிக்கு நான்கைந்து எம்பி (8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி). சிக்னல் தேய்ந்தால் இணைப்பு 6 மெகாபிட், 1 மெகாபிட் என்று இறங்கிக்கொண்டே போகும். 1 மெகாபிட்டில் சுருக்கப்படாத அந்த 26 எம்பி பக்கம் வந்து சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். மிஷின் பழுதென்று ஆள் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று கூலி வாங்கிப்போகிற கதை பெரும்பாலும் இங்கேதான்.

அதோடு லிட்டில் இந்தியா மாதிரி இடத்தில் இடமும் வலமும் மாடியும் ஆளுக்கொரு வைஃபை. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கைபேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலி போட்டு மிஷின் அருகில் நின்று பாருங்கள். பக்கத்துக் கடைகள் எல்லாம் 6-இல் குவிந்திருந்தால் நீங்கள் 1-க்கோ 11-க்கோ மாறிக்கொள்ளுங்கள்.

கணினியும் மிஷினும் ஒரே 2.4 வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, மிஷினிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒன்று. டெஸ்க்டாப் நகரப்போவதில்லை, அதற்காவது கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பாதி நெரிசல் குறையும்.

நல்ல தீர்வு கேபிள்தான். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். பழைய சுவரில் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரையும் மாநகர் மன்ற விதிகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரைத் தொடாமல் விளிம்போரமாக டிரங்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டிக் கேபிளைக் கொண்டுபோகலாம். அதுவும் ஒத்துவராது என்றால் மெஷ் வைஃபைப் பெட்டி (ரவுட்டரோடு சேர்ந்து இயங்கும் துணைப் பெட்டி) ஒன்றைப் பின்கட்டில் வைத்து, அதன் பின்னால் இருக்கும் லேன் துளையிலிருந்து மிஷினுக்கு ஒரு சிறு கேபிள் செருகுங்கள். மிஷினின் மட்டமான வைஃபையை இப்படி ஒதுக்கிவிடலாம். நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். மலிவு விலை எக்ஸ்டெண்டர்களை நான் சொல்வதில்லை, பல மாடல்கள் ஒரே ரேடியோவில் வாங்கி ஒரே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

கேபிள் போட்ட பிறகும் மெதுவாகத்தான் இருக்கிறது. அதெப்படி?

கேபிள் செருகியிருப்பதும் அது முழு வேகத்தில் ஓடுவதும் வேறு. பல ஆபீஸ் மிஷின்களின் லேன் துளை 100 மெகாபிட். அது ஸ்கேனுக்குப் போதும், 26 எம்பி பக்கம் இரண்டு மூன்று வினாடியில் வந்துவிடும். ஆனால் ஏதோ காரணத்தால் இணைப்பு 10 மெகாபிட்டில் நின்றுவிட்டால் அதே பக்கத்துக்கு 20 வினாடிக்கு மேல்.

இதை எங்கே பார்ப்பது? மிஷினின் மெனுவில் நெட்வொர்க் நிலை அறிக்கையை அச்செடுத்தால் இணைப்பு வேகம் அதில் இருக்கும். நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியில்) துளைக்கு மேலே இருக்கும் சிறு விளக்கின் நிறமும் காட்டிக்கொடுக்கும். எந்த நிறம் எந்த வேகம் என்பது சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறும், அதன் மேலேயோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில மிஷின்கள் தூங்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே 10-க்கு இறங்கும். அதனால் எழுப்பிவிட்ட பிறகுதான் பார்க்க வேண்டும்.

பிடிபடாமல் அலைக்கழிக்கும் வில்லன் ஒன்று உண்டு. ஒரு பக்கம் '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும்) என்று கையால் கட்டிவைத்து, மறுபக்கம் 'ஆட்டோ' என்று விட்டிருப்பார்கள். ஆட்டோ பக்கத்துக்கு எதிராளி என்ன நினைக்கிறான் என்று தெரியாது, அதனால் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றுதான்) என்று எடுத்துக்கொள்ளும். பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு சோதனை) அடித்தால் அழகாகப் பதில் வரும். மிஷினின் வெப் பக்கமும் திறக்கும். பெரிய படம் போக ஆரம்பித்ததும் பாக்கெட்டுகள் மோதிக்கொண்டு ஊர்ந்து வரும். இரண்டு பக்கமும் ஆட்டோ என்று வைத்தால் தீர்ந்தது.

அப்புறம் மின்னல். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை நேர இடிமழையைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரக் கம்பி வழியாகவோ நீண்ட கேபிள் வழியாகவோ வரும் அதிர்ச்சியில் லேன் துளை முழுதாகச் செத்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். அரைகுறையாகப் பிழைத்தால்தான் தலைவலி. இணைப்பு காட்டும், வேகம் இருக்காது, அடிக்கடி அறுந்து அறுந்து ஒட்டும். கேபிளைச் சுவிட்சின் வேறு துளையில் செருகிப் பாருங்கள். பிறகு வேறு கேபிள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் மிஷின் பக்கத் துளையில்தான் கோளாறு. 'மழைக்கு முன்னால் நன்றாக ஓடியது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் தொடுவது சுவிட்சைத்தான்.

ஸ்கேன் அழுத்தினால் அரை நிமிடம் ஒன்றுமே நடப்பதில்லை. அதன் பிறகு சர்ரென்று ஓடுகிறது.

இது தேடல் தாமதம். விண்டோஸ் தானாகவே மிஷினைக் கண்டுபிடித்துச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற முறையில் சேர்த்திருக்கும். அந்த முறையில் கணினி 'யார் இருக்கிறீர்கள்' என்று நெட்வொர்க் முழுவதும் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும். மிஷின் தூக்கத்தில் இருந்தாலோ, ரவுட்டர் அந்தக் கூப்பாட்டைச் சரியாகக் கடத்தாவிட்டாலோ நேரம் வீணாகும்.

செய்ய வேண்டியது: ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் மிஷினுக்கு ஒரு நிலையான ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரியை) ஒதுக்குங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முழு டிரைவர் தொகுப்பை இறக்கி, பழைய பதிவை நீக்கிவிட்டு, ஐபி முகவரி கொடுத்தே மிஷினைச் சேருங்கள். ஐபி ஒதுக்காமல் விட்டால், கரண்ட் போய் வந்த மறுநாள் மிஷின் வேறு முகவரியில் எழுந்திருக்கும், டிரைவர் பழைய முகவரியில் தட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் சில காரணங்கள் உண்டு. தலைமை ஆபீஸுக்காகப் போட்டிருக்கும் விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் போகும் தனி இணைப்பு) இயங்கினால் உள்ளூர் நெட்வொர்க்கே மறைந்துபோகலாம். விபிஎன்னை அணைத்து ஒரு முறை சோதியுங்கள். விண்டோஸில் உங்கள் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் தேடலைத் தடுக்கும், சொந்த ஆபீஸ் நெட்வொர்க் என்றால் 'பிரைவேட்' ஆக்கலாம். மிஷினை யாரோ வாடிக்கையாளர்களுக்கான கெஸ்ட் வைஃபையில் இணைத்திருந்தால் அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி ரவுட்டர் பிரித்து வைத்திருக்கும்.

ஸ்கேன் மென்பொருளில் டுவெய்ன், டபிள்யூஐஏ, ஈஎஸ்சிஎல் என்று மூன்று காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றும் கணினி ஸ்கேனரோடு பேசும் முறைகள். கம்பெனி டிரைவர் போட்டிருந்தால் டுவெய்ன். அமைப்புகள் அதிகம் கிடைக்கும், சுருக்கி அனுப்பும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். டபிள்யூஐஏ எளிமையானது, சில மிஷின்களில் மெதுவானது. ஈஎஸ்சிஎல் என்பது டிரைவரே இல்லாமல் நெட்வொர்க்கில் ஸ்கேன் செய்யும் முறை. புதிய மிஷின்களில் நன்றாகவே ஓடுகிறது. நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளில் மூன்றையும் மாற்றி மாற்றி ஒரே தாளில் சோதிக்கலாம். எது வேகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள், இதில் கொள்கைப் பிடிவாதம் தேவையில்லை.

கணினி ஃபோல்டருக்கே ஸ்கேன் அனுப்பும் வசதி முன்பு ஓடியது. புதுக் கணினி வாங்கிய பிறகு ரொம்ப நேரம் முயன்று தோற்றுவிடுகிறது.

பழைய காப்பி மிஷின்களுக்கு ஃபோல்டருக்கு அனுப்ப எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப்போட்ட வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் இந்த முறையின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினியில் எஸ்எம்பி1 சர்வர் இருப்பதில்லை. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 24எச்2 இன்னொரு படி மேலே போய், புரோ பதிப்பில் எஸ்எம்பி கையொப்பத்தை (வரும் டேட்டா வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரையை) கட்டாயமாக்கியது. கையொப்பமிடத் தெரியாத மிஷின் அங்கே முட்டி நிற்கும்.

கடைக்கு வரும் பழுதுபார்க்கும் ஆட்கள் சிலர் எஸ்எம்பி1-ஐத் திரும்ப நிறுவிவிட்டு, ஃபோல்டரை 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' (யாரும் எதையும் செய்யலாம்) என்று திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் அந்த ஃபோல்டரில் வாடிக்கையாளர்களின் மைகார்டு (அடையாள அட்டை) நகல்களும் வங்கி அறிக்கைகளும் கிடக்கும். அதை நான் செய்வதில்லை. முதலில் மிஷினுக்குப் புதிய ஃபர்ம்வேர் (மிஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் அதிலேயே எஸ்எம்பி2 வந்துவிடும். இல்லையென்றால் ஆபீஸுக்குள் மட்டும் இயங்கும் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் வேறொரு முறை) அமைக்கலாம், அல்லது ஃபோல்டருக்கு அனுப்புவதை விட்டுவிட்டுக் கணினியிலிருந்தே டுவெய்னில் இழுக்கலாம்.

தோற்கவில்லை, இணைவதற்கு மட்டும் நேரமாகிறது என்றால், மிஷினின் முகவரிப் பட்டியலில் கணினியின் பெயருக்குப் பதில் அதன் ஐபியை எழுதிப் பாருங்கள். பெயரைத் தேடும் நேரம் மிச்சம். கணினிக்கும் ஐபியை ஒதுக்கி வைத்தால்தான் இது நிலைக்கும்.

கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைப் போடுகிறவர்கள் நிறைய. பின் எண் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக வருபவருக்கு உண்மையான கடவுச்சொல் வேண்டும். ஸ்கேனுக்கென்றே ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுப்பது நல்லது. முதலாளியின் கடவுச்சொல்லை மிஷினில் பதிய வேண்டாம்.

மிஷினிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறோம். வர ஐந்து நிமிடம் ஆகிறது, சில நேரம் வருவதே இல்லை.

இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் கணினிக்கு ஒரு தாளைச் சேர்க்க, அதைக் கூகுள் வரை அனுப்பித் திரும்ப இறக்குகிறீர்கள். உள்ளூரில் ஃபோல்டருக்கு அனுப்ப வழியிருந்தால் அதுவே மேல்.

இமெயில்தான் வேண்டுமென்றால்: ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு 25 எம்பி எல்லை. இணைப்பாகப் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால் 18 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. வருவதே இல்லை என்றால் கடவுச்சொல்லைப் பாருங்கள். 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பழைய கருவிகள் நுழைய முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்டை உருவாக்கி மிஷினில் பதிய வேண்டும்.

எல்லாப் பக்கமும் ஓடி முடிந்துவிடுகிறது. கோப்பு சேமிக்கத்தான் நேரமாகிறது.

டாஸ்க் மேனேஜரை (கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் திரையை) திறந்து வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யுங்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும் சிபியு உச்சிக்குப் போனால் ஓசிஆர், சாய்வு நேராக்கல், வெற்றுப் பக்கம் நீக்கல் இவற்றில் ஏதோ ஓடுகிறது. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் கணக்குக்கு நூறு ரசீது ஸ்கேன் செய்கிறீர்கள், அவற்றில் யாரும் சொல் தேடப் போவதில்லை என்றால் ஓசிஆர் எதற்கு? அணைத்துவிடுங்கள். வேண்டுமென்றால் இரவில் மொத்தமாக ஓட்டிக்கொள்ளலாம்.

சிபியு சும்மா இருந்து டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் பழைய சுழலும் ஹார்டுடிஸ்க்தான் காரணம். அதற்குப் பதில் சுழலாத எஸ்எஸ்டி போட்டால் ஸ்கேன் மட்டுமல்ல, கணினியே வேறு கணினி ஆகிவிடும். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு பக்கத்தின் தற்காலிகக் கோப்பையும் திறந்து பார்ப்பதும் ஒரு காரணம். ஒரு நிமிடம் நிறுத்திச் சோதிக்கலாம், நிரந்தரமாக நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. சேமிக்கும் இடம் நெட்வொர்க் டிரைவாக இருந்தால் முதலில் கணினியிலேயே சேமித்துவிட்டு, பிறகு மொத்தமாக நகர்த்துங்கள்.

ஒரு கணினியில் மட்டும்தான் மெதுவு. மற்றவற்றில் சரியாக இருக்கிறது.

அப்படியானால் ரவுட்டரையும் மிஷினையும் தொடாதீர்கள். அந்தக் கணினியின் டிரைவர், விபிஎன், லேன் இணைப்பு வேகம், டிஸ்க் இவை நான்கையும் நன்றாக ஓடும் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேக்கிலும் லினக்ஸிலும்?

மேக்கில் இமேஜ் கேப்சர் போதும், புதிய மிஷின்கள் ஏர்ஸ்கேன் என்ற டிரைவரில்லா முறை வழியாக நேராக ஓடும். லினக்ஸில் சேன் என்ற ஸ்கேன் மென்பொருள் தொகுப்பு நிறைய பின்தளங்களை (ஒவ்வொரு வகை ஸ்கேனருக்குமான டிரைவர்களை) ஒவ்வொன்றாகத் தேடுவதால் தொடக்கம் இழுக்கும். சேன்-ஏர்ஸ்கேனை நிறுவி, உங்கள் மிஷினுக்குத் தேவையில்லாத பின்தளங்களை அமைப்புக் கோப்பில் முடக்கினால் அந்தக் காத்திருப்பு குறையும்.

தாள் கட்டினை மிஷினின் மேல் தட்டில் வைத்து ஓட்டினால் இரண்டிரண்டாக இழுத்து நின்று நின்று போகிறது. இதுவும் நெட்வொர்க்கா?

இல்லை, ஈரப்பதம். நம் ஊர்க் காற்றில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். கட்டினை விசிறிபோல் விரித்து, தட்டி நேராக்கிவிட்டு வையுங்கள். ஸ்டேப்பிள் எடுத்த ஓட்டையின் மடிப்பை நீவிவிடுங்கள். ரப்பர் உருளைகளை நூல் உதிராத ஈரத்துணியால் துடைத்தாலே பாதி சரியாகும். தாள் ஓடும்போது மட்டும் படத்தில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. திருத்தும் மையோ பசையோதான் அநேகமாக.

எப்போது புது மிஷின் வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்குவது?

காப்பி பட்டன் சோதனையிலேயே மெதுவாக இருந்தால், அல்லது எஸ்எம்பி2-ஐ அது எப்போதும் கற்றுக்கொள்ளாது என்று தெரிந்தால் வாங்கலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு இத்தனை பக்கம் என்பது பெரும்பாலும் பிரிண்ட் வேகம். ஸ்கேன் வேகம் கீழே பொடி எழுத்தில் தனியாக இருக்கும், அதுவும் எந்த டிபிஐ-யில், கலரா கறுப்பு வெள்ளையா என்று பார்க்க வேண்டும். லேன் துளை இருக்கிறதா, வைஃபை மட்டும்தானா? 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா? இரண்டு பக்கமும் அச்சான தாளை ஒரே ஓட்டத்தில் படிக்குமா, திருப்பிப் போட்டு இரண்டாம் முறை இழுக்குமா? ஜூன் மாதக் கடைசியில் வரிக் கணக்குக்காக நூற்றுக்கணக்கான தாள் ஓட்டுகிற ஆபீஸ் என்றால் இந்தக் கடைசிக் கேள்விக்குக் கூடுதலாகச் சில நூறு ரிங்கிட் கொடுக்கலாம். கடைக்காரர் முன்னாலேயே உங்கள் தாளில் பத்தைப் போட்டு, உங்களுக்கு வேண்டிய டிபிஐ-யில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.